உங்கள் ஊர் பட்டாளத்துக் குடும்பத்துக்குத் துணை நிற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் போனதால் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் போனாலும் மிலிட்டரிக்காரர் வீடு என்று கைகாட்டும் ஒரு வீடாவது இருக்கும். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 வந்தால் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். அதைத் தொடர்ந்து செய்யுங்கள். ஆனால் அந்தக் குடும்பங்களோடு கொஞ்சம் பழகினால் வேறொன்றும் தெரியவரும். அவர்களுக்கு உரிமையாக வர வேண்டிய பணமும் மருத்துவமும் ஒரு எழுத்துப் பிழையால், ஒரு சான்றிதழ் இல்லாததால் எங்கேயோ நின்றுபோயிருக்கும். கூடவே பஸ் ஏறி அலுவலகத்துக்கு வர, பென்ஷன் அலுவலகம் இருக்கும் பிரயாக்ராஜிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல, ஆன்லைனில் ஏற்றிக் கொடுக்க ஒரு ஆள் கிடைக்காததுதான் பல நேரம் காரணம். அந்த ஆளாக இருக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேரனோ பக்கத்து வீட்டுக்காரரோ பள்ளி ஆசிரியரோ, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலைதான்.

1. அவர் எந்த வகையில் வருகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊரில் எல்லோரையும் மிலிட்டரி என்றுதான் சொல்வோம். அரசாங்கம் அப்படிப் பார்ப்பதில்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றில் ஒன்றில் இருந்து வந்தவர்தான் முன்னாள் படைவீரர். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் போன்றவை மத்திய உள்துறையின் கீழ் வருபவை. அவற்றுக்கான நலத்திட்டங்களும் வாரியமும் தனி. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த தமிழ்நாட்டு வீரர்கள் இருவரும் சிஆர்பிஎஃப்காரர்கள். அப்படிப்பட்ட குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால், அவர்களுக்கு அலைச்சல்தான் மிச்சம். முதலில் அவர் இருந்த படையின் அலுவலகத்தை, சிஆர்பிஎஃப் என்றால் அதன் குரூப் சென்டரை, தொடர்புகொள்ள வேண்டும்.

அடுத்து, பென்ஷன் உண்டா இல்லையா என்று கேளுங்கள். சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு 15 வருட சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன். அதற்கு முன்பே வந்துவிட்ட சிலர் முதுமையில் கையில் எதுவும் இல்லாமல் இருப்பார்கள். இவர்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை, இவர்களுக்குத்தான் உதவி அவசரம். 65 வயதைத் தாண்டிய, பென்ஷன் இல்லாத, ஹவில்தார் வரை பதவி வகித்த முன்னாள் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் முன்னாள் வீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான மத்திய சைனிக் போர்டு வறுமை உதவித்தொகை தருகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக உயர்ந்திருக்கிறது. உங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால் மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த ஒரு விண்ணப்பத்தை முதலில் முடித்துக் கொடுங்கள்.

2022-இல் வந்த அக்னிவீர் முறையில் சேர்ந்த பையன்களும் நான்கு வருடம் முடித்து ஊருக்குத் திரும்பத் தொடங்கும் காலம் இது. இவர்களுக்குப் பென்ஷனும் கிடையாது, முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் திட்டமும் கிடையாது. சேவா நிதி என்று ஒரு மொத்தத் தொகை வரும். கைக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் கடன் கேட்டு வருவதற்குள், வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

2. டிரங்குப் பெட்டியைத் திறந்து, பெயரைச் சரிபாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அநேகமாக எல்லாப் பட்டாளத்தார் வீட்டிலும் நம்பரும் பெயரும் பெயிண்டில் எழுதிய ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். அதற்குள்தான் எல்லாத் தாளும். நீங்கள் தேட வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக், பிபிஓ எனப்படும் பென்ஷன் ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, திருமணச் சான்று, மனைவி மக்களின் ஆதார், பான், பேங்க் பாஸ்புக். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, ஒரு செட் ஜெராக்ஸும் போட்டு, அந்தச் செட்டை வேறு வீட்டில் வையுங்கள்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மனைவியின் பெயர் ஒவ்வொரு தாளிலும் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பாதி வீடுகளில் இப்படித்தான் வரும்: பட்டாளத்து ரெக்கார்டில் லட்சுமி. ஆதாரில் மகாலட்சுமி எம். பேங்கில் எம். லெட்சுமி. பள்ளிச் சான்றிதழில், கல்யாணத்துக்கு முன் இருந்த அப்பாவின் இனிஷியலோடு கே. மகாலட்சுமி. ஊரில் எல்லோருக்கும் அது ஒரே பெண்மணி என்று தெரியும். வடக்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு அது நான்கு பேர். நம் இனிஷியல் வழக்கமே அவர்களுக்குப் பழக்கமில்லை. எம் என்ற எழுத்து எதைக் குறிக்கிறது என்று கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் ரெஜிமென்ட் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து, முப்பது வருடம் கழித்து ஒரு விதவையின் குடும்ப பென்ஷனை நிறுத்திவைக்கும். பிறந்த தேதியும் இப்படித்தான். ரெக்கார்டில் வெறும் வருடம் மட்டும் இருக்கும், ஆதாரில் ஜனவரி 1 என்று குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள்.

இதைக் கணவர் உயிரோடு இருக்கும்போதே சரிசெய்துவிட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால் சில மாதங்களில் முடிகிற வேலை, அவர் இல்லாதபோது அந்த அம்மா தனியாக நின்று தன்னை நிரூபிக்க வேண்டிய வேலையாகிவிடும். பொதுவாக, ஆதாரில் உள்ள பெயரைக் கடைசிப் பெயராக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுவது எளிது. திருமணச் சான்று, ஆதார், வெவ்வேறு பெயர்களில் இருப்பவர் ஒருவரே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம், வேறுபாடு பெரிது என்றால் கெஜட் அறிவிப்பு. இவற்றை வைத்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக வீரரின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பலாம்.

எந்த ரெக்கார்டு ஆபீஸ்? அது அவர் இருந்த ரெஜிமென்டைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நம்மவர்கள் சொல்லும் எம்இஜி என்றால் பெங்களூரு. பீரங்கிப் படை நாசிக் ரோடு. சிக்னல்ஸ் ஜபல்பூர். இஎம்இ செகந்திராபாத். விமானப்படைக்கு டெல்லி, கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கங்களிலேயே இது இருக்கும். சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர் மூன்றையும் எந்தக் கடிதத்திலும் முதல் வரியில் எழுதுங்கள். நம்பர் இல்லாத கடிதம் எங்கும் போய்ச் சேராது.

பெயர்களோடு இன்னொன்றையும் பாருங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், அது ரெக்கார்டில் ஏறியிருக்கிறதா? தானாகச் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்குப் பெற்றோருக்குப் பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப பென்ஷன் கிடைக்க வழி உண்டு. விதவையான, விவாகரத்தான, திருமணமாகாத மகளுக்கும் நிபந்தனைகளோடு உண்டு. அப்பா அம்மா இருக்கும்போதே சொல்லி வைக்காததால் இதை இழந்த வீடுகள் நிறைய.

3. மாவட்ட அலுவலகத்துக்குக் கூடவே போங்கள்

மாவட்டத் தலைநகரங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. உதவி இயக்குநர் அல்லது துணை இயக்குநர் பொறுப்பில் இருப்பார், பெரும்பாலும் அவரும் படையில் இருந்து வந்தவர்தான். அடையாள அட்டை, வாரிசு விவரப் பதிவு, கல்வி உதவி, வேலைவாய்ப்புப் பதிவு என எல்லாம் இங்கிருந்துதான். மத்திய சைனிக் போர்டு திட்டங்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தாலும், அசல் தாள்களைப் பார்த்துப் பரிந்துரைப்பது இந்த அலுவலகமே.

கலெக்டர் தலைமையில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே குறைதீர்க்கும் கூட்டமும் அவ்வப்போது நடக்கும். பட்டா மாறுதல், ஆக்கிரமிப்பு, பாதைத் தகராறு என்று எல்லையில் இருந்த காலத்தில் ஊரில் சிக்கலாகிப்போன விஷயங்களுக்கு இந்தக் கூட்டம்தான் சரியான இடம். மனுவை இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவை நீங்கள் எழுதிக் கொடுங்கள், ஆனால் பேசுவதை அவரே பேசட்டும். பிளட்டூன் என்ற படைப்பிரிவையே நடத்திய சுபேதாரை ஒன்றும் தெரியாதவர்போல ஓரமாக உட்காரவைத்துவிட்டு நாம் பேசுவது மரியாதை இல்லை.

தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு முதல்வரின் காக்கும் கரங்கள் என்ற மாநிலத் திட்டம் இருக்கிறது. 1 கோடி ரூபாய் வரை பேங்க் கடன், அதில் 30 விழுக்காடு மூலதன மானியம், 3 விழுக்காடு வட்டி மானியம். விதவைகளும் விண்ணப்பிக்கலாம்.

4. வருடம் ஒருமுறை: உயிர்வாழ் சான்று

பாதுகாப்புத் துறை பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையதளம் வழியாக வருகிறது. முன்பு பேங்க் மேனேஜரிடம் போய் நின்றால் போதும், இப்போது அப்படி இல்லை. வருடம் ஒருமுறை உயிர்வாழ் சான்று தராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். எண்பது வயதுக்காரர் மருந்து வாங்கப் போய், கணக்கில் பணம் இல்லை என்று திரும்பி வரும் நிலை இதனால்தான்.

ஜீவன் பிரமாண் ஆப் வழியாக வீட்டில் உட்கார்ந்தபடியே முகத்தைக் காட்டிச் செய்துவிடலாம். இ-சேவை மையம் நடத்தும் தம்பிகள் இதில் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. பென்ஷன் வழங்கும் அதிகாரம் என்ற இடத்தில் பழைய பழக்கத்தில் பேங்க் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். சான்று பதிவானதாக மெசேஜ் வரும், ஆனால் ஸ்பர்ஷுக்குப் போய்ச் சேராது. அந்த இடத்தில் ஸ்பர்ஷ் பிசிடிஏ பென்ஷன்ஸ் அலகாபாத் என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிபிஓ நம்பரும் ஸ்பர்ஷ் தந்த புது நம்பராக இருக்க வேண்டும். முடித்த பிறகு ஸ்பர்ஷில் உள்ளே போய், அடுத்த தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள் ஊரில் யார் யார் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்விட்டு வந்தால் போதும். கல்லூரி மாணவர்கள் இருவர் நினைத்தால் ஒரே நாளில் முடியும்.

ஒருபோதும் போனில் ஓடிபி சொல்லக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டு வாருங்கள். ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

5. மருத்துவம்

2003 ஏப்ரலில் தொடங்கிய, இசிஎச்எஸ் எனப்படும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் ஒருமுறை பணம் கட்டிச் சேர்ந்துவிட்டால் கணவன், மனைவி இருவருக்கும் ஆயுள் முழுவதும் சிகிச்சை. போரில் கணவரை இழந்தவர்கள் பணம் கட்டத் தேவையில்லை. வேலூர், திருச்சி, மதுரை, கோவை, சேலம், திருநெல்வேலி, நாகர்கோவில் போன்ற ஊர்களில் பாலிகிளினிக் இருக்கிறது. அங்கே காட்டி, பரிந்துரைச் சீட்டு வாங்கி, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனால் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை.

சிக்கல் வருவது அவசர நேரத்தில்தான். நெஞ்சுவலி என்றால் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எந்த மருத்துவமனையானாலும் சேர்த்துவிடுங்கள். ஆனால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கவில்லை என்றால் பிறகு பில்லைக் கொடுத்துப் பணம் திரும்பப் பெறுவது பெரும்பாடு. பாலிகிளினிக் போன் நம்பரையும் பட்டியலில் உள்ள பக்கத்து மருத்துவமனைகளின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

6. மரணம் நடந்த வீட்டில்

ஓய்வுபெற்ற வீரர் இறந்தால்: இறப்புச் சான்றிதழை நாலைந்து பிரதியாக வாங்குங்கள். ஸ்பர்ஷிலும் மாவட்ட அலுவலகத்திலும் உடனே தெரிவியுங்கள். அவர் கணக்கில் அதற்குப் பிறகு வரும் பென்ஷனை ஏடிஎம்மில் எடுக்கக்கூடாது. எடுத்தால் பிடித்துக்கொள்வார்கள், குடும்ப பென்ஷன் தொடங்கும்போதே அது சிக்கலாகும். பெயர் சரியாக இருந்தால் குடும்ப பென்ஷன் அதிகச் சிரமமில்லாமல் தொடங்கிவிடும். சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. ஆனால் முதல் 7 வருடம், அல்லது இறந்தவர் இருந்திருந்தால் அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் காலம் வரை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை உயர்த்தப்பட்ட விகிதம் உண்டு. இராணுவக் குழுக் காப்பீட்டில் ஓய்வுக்குப் பிறகும் தொடரும் ஒரு பாலிசி இருக்கிறது, பல மனைவிமார்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ரெக்கார்டு ஆபீஸில் கேளுங்கள். இசிஎச்எஸ் கார்டையும் கேன்டீன் கார்டையும் மனைவி பெயரில் மாற்ற வேண்டும்.

பணியில் இருக்கும்போதே இறந்தால் நிலைமை வேறு. யூனிட்டிலிருந்து ஆள் வருவார், ராணுவ மரியாதையோடு அடக்கம் நடக்கும், மந்திரிகள் வருவார்கள். பெட்டியின் மேலிருந்த தேசியக் கொடியைச் சிதை மூட்டும் முன், அல்லது குழியில் இறக்கும் முன், எடுத்து மடித்துக் குடும்பத்திடம் கொடுப்பார்கள். அன்று கூட்டம் இருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்தப் பெண் தனியாக இருப்பார், உங்கள் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

இறப்பு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பது ஆயுள் முழுவதும் அந்தக் குடும்பத்தின் வருமானத்தைத் தீர்மானிக்கும். பணியோடு தொடர்பில்லாத மரணம் என்றால் சாதாரணக் குடும்ப பென்ஷன். பணியால் ஏற்பட்டது என்றால் சிறப்புக் குடும்ப பென்ஷன், 60 விழுக்காடு. போரில், எதிரியின் தாக்குதலில் என்றால் தாராளமயக் குடும்ப பென்ஷன், கடைசிச் சம்பளம் முழுவதும். 2020 ஜூனில் கல்வானில் உயிர் கொடுத்த ராமநாதபுரம் ஹவில்தார் பழனிக்குப் பின்னர் வீர் சக்ரா கிடைத்தது, நாடே அறிந்தது. செய்தியில் வராமல், லடாக் குளிரில் மூச்சுத்திணறி இறந்தவருக்கோ ரோந்து வண்டி கவிழ்ந்து இறந்தவருக்கோ அந்த வகைப்படுத்தலில் தவறு நடந்தால் கேட்க ஆள் இல்லை. யூனிட் அனுப்பும் விசாரணை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சரியில்லை என்று தோன்றினால் முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை இருக்கிறது. 2025 ஜூலையில் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கென வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற இலவச சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள்.

சொல்லக் கூச்சமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய தொகை வரும்போது மாமியார் வீட்டுக்கும் மருமகளுக்கும் இடையே பேச்சு தடிக்கும். இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிறவர்களும் உண்டு, மகனைப் பறிகொடுத்த கிழவருக்குச் சல்லிக்காசு கொடுக்காதவர்களும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பக்கம் சாயாமல், மூன்று மாதம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், பணம் பேங்கிலேயே இருக்கட்டும் என்று இரு தரப்புக்கும் சொன்னால் அதுவே பெரிய உதவி. அந்தப் பெண் மேலே படிக்க நினைத்தாலும், வேலைக்குப் போக நினைத்தாலும், மறுமணம் செய்துகொள்ள நினைத்தாலும் தியாகியின் மனைவி என்று சொல்லியே அவரைக் கட்டிப்போடாதீர்கள். விதவை மறுமணத்துக்கு சைனிக் போர்டே உதவித்தொகை தருகிறது.

7. பிள்ளைகளின் படிப்பு

பிரதமர் கல்வி உதவித்தொகை: மாணவிக்கு மாதம் 3,000, மாணவனுக்கு 2,500. இன்ஜினியரிங், மருத்துவம், பிஎட் போன்ற தொழிற்படிப்பில் முதல் ஆண்டு சேர்ந்தவுடன் விண்ணப்பிக்க வேண்டும், இரண்டாம் ஆண்டில் நினைவு வந்து பயனில்லை. பிளஸ் டூவில், பிஎட் என்றால் பட்டப்படிப்பில், 60 விழுக்காடு வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே அந்த வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

8. மரியாதை செய்வது

டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் நடக்கிறது. பள்ளிகளில் கொடியை விற்று உண்டியலை எண்ணுவதோடு முடிக்காமல், அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதைச் சொல்ல அந்த ஊர் முன்னாள் படைவீரர் ஒருவரை வகுப்புக்குள் அழையுங்கள். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். 1953-இல் பீல்டு மார்ஷல் கரியப்பா ஓய்வுபெற்ற நாள் அது. நமக்குப் போகி, பொங்கல் நெருக்கத்தில் வருவதால் கவனிக்காமல் போய்விடுகிறது. பொங்கல் விளையாட்டுப் போட்டி நடத்தும் ஊர்களில் பரிசளிக்க அரசியல்வாதிக்குப் பதிலாக அவரைக் கூப்பிடலாம்.

மேடையில் ஏற்றுவதைவிட அவர் சொல்வதை உட்கார்ந்து கேட்பது பெரிய மரியாதை. 1971 போரில் இருந்தவர்கள் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். எந்த ரெஜிமென்ட், எந்த செக்டார், எந்த ஊர் ரயிலில் ஏறினீர்கள், முதல் கடிதம் எப்போது வந்தது என்று சின்னச் சின்னதாகக் கேட்டுப் போனில் பதிவுசெய்யுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்கவிடாதீர்கள். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போய்வந்த தமிழர்கள் பலர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அதே வருடங்களில் வீட்டையும் உறவையும் இழந்த தமிழ்க் குடும்பங்களின் காயமும் ஆறவில்லை. அவராகப் பேசினால் கேளுங்கள், துருவாதீர்கள்.

கேன்டீன் மதுக் கோட்டா விஷயமும் மரியாதையில்தான் சேரும். பட்டாளத்தாரைப் பார்த்தவுடன் பாட்டில் இருக்கிறதா என்று கேட்பது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. சிலர் குடியால் குடும்பத்தோடு அவதிப்படுகிறார்கள். கோட்டாவை வெளியாளுக்கு விற்றால் கார்டே ரத்தாகும். தயவுசெய்து கேட்காதீர்கள்.

பல கிராமங்களில் ஒரு சின்னப் பளிங்குக் கல் இருக்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். சுண்ணாம்பு அடித்து மறைந்துபோன கல்லாகவும் இருக்கலாம். தண்ணீர், மென்மையான பிரஷ் கொண்டு துடையுங்கள். ஆசிட் வேண்டாம், எழுத்துமேல் எனாமல் பெயிண்டும் வேண்டாம். பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வைத்தால் பிள்ளைகளும் படிப்பார்கள்.

ஓய்வுபெற்றவர் இறந்தால் முன்னாள் படைவீரர் சங்கத்தினர் சீருடைத் தொப்பியோடு வந்து மலர்வளையம் வைப்பது நல்ல வழக்கம். உடல்மீது தேசியக் கொடி போர்த்துவது மட்டும், அரசு அல்லது படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குக்கே உரியது. ஆர்வத்தில் நாமாகச் செய்யக்கூடாது.

9. பணம் கொடுக்க நினைத்தால்

வாட்ஸ்அப்பில் வரும் அக்கவுண்ட் நம்பருக்கு அனுப்பாதீர்கள். பொதுவாகக் கொடுக்க ஆயுதப்படைக் கொடி நாள் நிதி. போரில் இறந்த, ஊனமுற்ற வீரர்களின் குடும்பங்களுக்கு என்றால் மா பாரதி கே சபூத் என்ற பாதுகாப்பு அமைச்சக இணையதளம். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் குடும்பங்களுக்கு உள்துறையின் பாரத் கே வீர் தளம். அதில் இறந்த வீரர் ஒருவரின் பெயரைத் தேர்ந்தெடுத்து அவர் குடும்பக் கணக்குக்கே நேராக அனுப்பலாம்.

ஊர்ச் சங்கமாகச் சேர்ந்து வசூலித்தால், மொத்தமாக மேடையில் கொடுத்துப் போட்டோ எடுப்பதைவிட, பையனின் மூன்றாம் ஆண்டுக் கல்லூரிக் கட்டணம் என்று ஒன்றைப் பொறுப்பேற்று அந்தந்த செமஸ்டரில் நேராகக் கல்லூரிக்குக் கட்டி, ரசீதை வீட்டில் கொடுங்கள்.